நமக்கு முன் குடித்த எலி

சென்ற கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்றால் மாளிகை அன்று. இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுக்கு அப்பால், ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் இரண்டு அறைகள். பாட்டனார் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. மலைமேல் எங்களைத் தமிழர் என்பார்கள். மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனால் மலையாளத்தார் என்பார்கள். அது நிற்க.

என் தந்தையார் அத்தோட்டத்தில் மருந்து அடிப்பவர். ஒரு நாள் மாலை, காலியான புட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அதன்மேல் சாய்சதுரமாக ஒரு குறி. குறியின் கீழ்ப்பாதியில் மஞ்சள் வண்ணம். "இந்த மஞ்சளுக்கு என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக அத்தகைய புட்டிகளைத் திறந்து வரும் மனிதர் அவர். விஞ்ஞானம் படிக்கும் மகன் வீட்டில் இருந்தும் அதன் பொருளை அவருக்கு எவரும் சொன்னதில்லை.

சொன்னேன். சிவப்பு மிகக் கொடியது; அடுத்தது மஞ்சள்; அதற்கடுத்தது நீலம்; பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. இந்த நிறத்தை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டார். எலியை வைத்து முடிவு செய்தார்கள் என்றேன். எலிகளுக்கு மருந்தை வாய்வழியாகக் கொடுப்பார்கள். அவற்றில் பாதி இறந்துபோகும் அளவு எது என்று பார்ப்பார்கள். எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் அது நேர்ந்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேற்பட்டால் பச்சை. தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஏய்யா, அப்ப நமக்கு முன்னாடி எலி குடிச்சுப் பாத்திருக்குன்னு சொல்லு."

நண்பர்களே, அந்த ஒரு சொல்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் பயன்படுத்த அனுமதி பெறுவதும், பெற்ற அனுமதியைக் காப்பதும் நம்மில் விஞ்ஞானம் பயிலும் பலருக்குத் தலைவலியாகத் தோன்றுகின்றன. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இன்று என் எண்ணம் வேறு. அனுமதி என்பது மனச்சாட்சிக்குக் கணக்குக் காட்டும் வேலை. அக்கணக்கைத் தாய்மொழியில் எழுதினால்தான் ஒளிவு மறைவின்றி எழுத முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரை நாட்டியத்துக்காக நாம் அறிவோம். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த அவர், விலங்குவதையைத் தடுக்க ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அது ஆய்வைத் தடை செய்யவில்லை. ஆய்வாளனுக்கு வரம்பு கட்டியது. அறுவை செய்வதானால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். சிறிய விலங்கு போதுமானால் பெரியதைத் தொடக்கூடாது. வெறும் கைப்பழக்கத்துக்காக உயிரை அறுக்கக்கூடாது. நூலும் படமும் மாதிரியுமே போதுமானால் விலங்கே வேண்டாம். கூடியவரை இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. இதைக் கண்காணிக்க 1964இல் ஒரு குழு அமைந்தது; 1998இல் விரிவான விதிகள் வந்தன.

அவ்விதிகளின்படி, விலங்காய்வு நடத்தும் நிறுவனம் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிறுவனத்திலேயே எட்டுப் பேர் கொண்ட ஒரு நெறிக்குழு இருக்க வேண்டும். உயிரியல் துறைகளைச் சேர்ந்த மூவர், ஒரு கால்நடை மருத்துவர், விலங்ககப் பொறுப்பாளர் ஆகிய ஐவரோடு, வெளி நிறுவன விஞ்ஞானி ஒருவரும், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவரும், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஒருவரும் அதில் அமர்வார்கள். எலியும் முயலும் இவர்கள் இசைவின்றித் தொடப்படா. நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கானால் மத்தியக் குழுவின் இசைவும் வேண்டும்.

"ஆய்வு தொடங்குமுன் ஆயுளே முடிந்துவிடும்" என்பார் சிலர். "மூத்த மாணவரின் படிவத்தை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்தால் போயிற்று" என்பார் வேறு சிலர். இந்த இரண்டாம் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏலத்தோட்டத்தில் அடிக்கும் மருந்து ஒன்றைச் சிற்றளவில் நெடுநாள் கொடுத்தால் கல்லீரலுக்கு என்ன நேரும் என்பது என் ஆய்வு. விண்ணப்பம் வழிகாட்டியாசிரியர் பெயரில், எழுதியவன் நான். எட்டுத் தொகுதிகள், தொகுதிக்கு ஆறு, ஆக 48 எலிகள். குழுவில் இருந்த விஞ்ஞானி அல்லாத உறுப்பினர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் ஆறு?" என்னிடம் விடை இல்லை. எல்லாரும் ஆறு என்று எழுதுகிறார்கள் என்பது ஒரு விடையாகுமா? விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு மாதம் வீணாயிற்றே என்று சினந்தேன்.

சினம் ஆறியபின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். மொத்த விலங்குகளிலிருந்து தொகுதிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் 10 முதல் 20 வரை வந்தால் போதும் என்று ஓர் எளிய வழி உண்டு. என் கணக்கில் 48இல் 8 போக 40! தேவைக்கு இருமடங்கு. நான் கேட்டிருந்த மூன்று தொகுதிகள் என் ஆய்வுக்கு வேண்டியவையே அல்ல. ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து, ஆக 25 எலிகள் போதும். 25இல் 5 போக 20. ஒரே ஒரு கேள்வி, 23 உயிர்களைக் காத்தது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளைச் சொன்னார்கள்: இயன்றால் மாற்று வழி தேடு, இயலாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. இரண்டாம் நெறியை நான் கற்றது நூலில் அன்று, அந்த உறுப்பினரின் கேள்வியில்.

இரண்டாம் முறை எழுதும்போது, முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஆய்வின் முடிவில் விலங்குகள் 'சாக்ரிஃபைஸ்' செய்யப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். அதற்கு நேராகப் 'பலி' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. பலி என்றால் எந்தத் தெய்வத்துக்கு? என் பட்டத்துக்கா? அச்சொல்லை அடித்துவிட்டுக் 'கொல்லப்படும்' என்று எழுதினேன். எழுதியவுடன் கேள்விகள் தாமே வந்தன. எப்படிக் கொல்லப்படும்? வலிக்குமா? செய்பவர் யார்? அவருக்குப் பயிற்சி உண்டா? அதுபோலவே 'ஹியூமேன் எண்ட்பாயிண்ட்' என்று ஒரு தொடர் உண்டு. அதை 'இதற்குமேல் வேதனைப்பட விடமாட்டோம் என்னும் எல்லை' என்று தமிழாக்கினேன். உடனே அந்த எல்லை எது என்று சொல்லவேண்டியதாயிற்று: எடை எவ்வளவு குறைந்தால், எத்தனை வேளை தின்னாதிருந்தால், எந்த நிலையில் சுருண்டு கிடந்தால் ஆய்வை நிறுத்துவோம்?

ஆங்கிலத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. ஆங்கிலேயத் தாய் ஒருத்தியிடம் அவள் மகன் அதே சொல்லைச் சொன்னால், அவளும் இதே கேள்விகளைத்தான் கேட்பாள். கடன் வாங்கிய சொல்லின் பின்னே நாம் ஒளிந்துகொள்கிறோம் என்பதே என் குறை.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. அதோடு முடிந்ததா? பதிவு பெற்ற இடத்திலிருந்து எலிகளை வாங்க வேண்டும். வந்தவற்றைத் தனியே வைத்து ஒரு வாரமேனும் கவனிக்க வேண்டும். அறையின் வெப்பம் 18 பாகைக்குக் கீழோ 29 பாகைக்கு மேலோ போகலாகாது. ஈரப்பதம் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வந்தவை எத்தனை, பயன்பட்டவை எத்தனை, எஞ்சியவை எத்தனை என்று பதிவேட்டில் வரவு செலவு வேண்டும். செய்முறையை மாற்றவேண்டுமானால் மீண்டும் குழுவின்முன் நிற்க வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டில் சரியாக இருந்தும் கூண்டில் தவறு நேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முறை. முதல்நாள் எல்லாப் புட்டிகளிலும் தண்ணீர் நிரப்பிவிட்டோமே என்னும் துணிவில் அரைகுறையாகப் பார்த்து, 'தண்ணீர் உண்டு' என்று ஏட்டில் குறித்துவிட்டுத் திரைப்படத்துக்குப் போய்விட்டேன். மாலையில் விலங்ககப் பணியாளர் அழைத்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர். பாலக்காட்டு எல்லையில் மாடு வளர்த்துப் பழகியவர். ஒரு கூண்டில் புட்டியின் முனை அடைத்திருந்தது. எலி முந்திய நாளிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. நிறைந்த புட்டியைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அதே புட்டியைக் கண்டு அவர் ஐயப்பட்டார். "தண்ணி கொறையலீன்னா எலி குடிக்கலீன்னு அர்த்தம் தம்பி" என்றார். எட்டுப் பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதியை அன்று காப்பாற்றியவர் அவர். ஆனால் என் விண்ணப்பத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. கண்டிருந்தாலும் பயனில்லை; அது ஆங்கிலத்தில் இருந்தது.

"அனுமதியாவது, குழுவாவது, விலங்காய்வே வேண்டாம்" என்போரும் நம்மிடையே உண்டு. அவர்கள் நெஞ்சின் ஈரத்தை வணங்குகிறேன். மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பாடிய மரபு நம்முடையது. ஆனால் போர்வை வேண்டுமா என்று பேகன் மயிலைப் பார்த்து ஆராயவில்லை. இரக்கம் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும். குன்னூர் பாஸ்டர் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். 1907இல் தொடங்கிய அந்நிலையம், வெறிநாய்க்கடிக்கு ஆட்டு மூளையிலிருந்து தடுப்பு மருந்து செய்து தென்னாட்டில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அம்மருந்தால் சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டதும் உண்டு. உயிரணுக்களைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துத் தடுப்பூசி செய்யும் வழி வந்தபின், 2004இல் ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் நிறுத்தப்பட்டது. ஆடும் பிழைத்தது, மனிதனுக்கும் நல்ல மருந்து கிடைத்தது.

எலிகளின் கணக்கும் குறைந்திருக்கிறது. பாதி சாகும் அளவைக் காணும் முறையை 1927இல் ட்ரெவன் வகுத்தபின், ஒரு மருந்துக்கே எத்தனையோ விலங்குகள் மடிந்தன. 2002இல் அப்பழைய வழிமுறை உலக நெறித் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த முறைகளுள் ஒன்று, மூன்று மூன்றாக 6 முதல் 12 எலிகளோடு நிறுத்திக்கொள்கிறது. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்பில் அறுவையை விலக்கியது. என் ஆசிரியர்கள் தவளையை அறுத்துப் படித்தவர்கள். நான் ஒரு தவளையையும் அறுத்ததில்லை. அதனால் தவளையின் இதயத்தை நான் அறியாமற் போய்விடவில்லை.

எனினும் எல்லாவற்றுக்கும் மாற்று இன்னும் வரவில்லை. வரும்வரை எலி குடிக்காவிட்டால் முதலில் குடிப்பவர் யார்? தேனிப் பக்கமிருந்து போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து வரும் கூலிப்பெண்கள், முதலமடை மாந்தோப்பில் மருந்து அடிக்கும் ஆண்கள், என் தந்தையார். ஆகவே விலங்காய்வை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எங்களுக்காக ஓர் உயிர் முன்னால் போய்க் குடித்தது என்றால், அதற்குரிய மரியாதையைச் செய்யுங்கள் என்கிறேன்.

என் வேண்டுகோள்கள் மூன்றே. ஒன்று: நெறிக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவரும், தம் ஆய்வைத் தமிழிலோ மலையாளத்திலோ ஒரு பக்கத்தில் எழுதி உடன் இணைக்கட்டும், விஞ்ஞானி அல்லாத உறுப்பினர் அதை முதலில் படிக்கட்டும். எழுதத் தயங்குவோருக்கு நம் தமிழ் மன்றம் உதவட்டும். இரண்டு: அப்பக்கத்தின் படி ஒன்று விலங்ககச் சுவரில் இருக்கட்டும், கூண்டைக் கழுவுபவருக்கும் ஆய்வை நிறுத்தச் சொல்லும் உரிமை இருக்கட்டும். மூன்று: ஆய்வு முடிந்ததும், அதன் முடிவு யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர் காதில் விழட்டும். புட்டியில் மஞ்சள் அடித்ததோடு கடமை முடிந்தது என்று நாம் இருந்துவிட்டதால்தான், என் தந்தையார் இருபது ஆண்டுகள் அதன் பொருள் அறியாமல் மருந்து அடித்தார். அவருக்குத் தெரியாமற் போயிருந்தால் அந்த எலிகள் எதற்காகச் செத்தன?

என் ஆய்வு இன்னும் முடியவில்லை. 25 எலிகளும் கூண்டில் இருக்கின்றன. முடிந்ததும் விடையை ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு மலையேறுவேன். மாலையில் லயத்து வாசலில் படித்துக் காட்டுவேன். "எத்தனை எலிய்யா?" என்று தந்தையார் கேட்பார். எத்தனை என்றும், ஏன் அத்தனை என்றும் சொல்ல இப்போது எனக்குத் தெரியும்.