ஃபார்மட் அடித்தால் ஆட்வேர் ஒழிந்துவிடுமா?

வீட்டுக் கணினியில் விளம்பரத் தொல்லை தாங்கவில்லை என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான். "ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி, புதுசு மாதிரி ஆயிடும்." தலைவலிக்குத் தலையையே எடுத்துவிடும் இந்த வைத்தியத்தை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த வைத்தியத்தில் தலை போகிறதே தவிர, பல சமயம் வலி போவதில்லை!

ஆரணியில் ஒரு நெசவுக் குடும்பத்து வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். ஹாலில் தறி, மூலையில் ஒரு பழைய கணினி. பையன் கல்லூரி அசைன்மென்ட் செய்வதும் அதில்தான், அப்பாவின் கூலிக் கணக்கு இருப்பதும் அதில்தான், அம்மா சீரியல் பார்ப்பதும் அதில்தான். இவற்றோடு பார்டருக்கும் முந்திக்கும் வரைந்து வைத்த டிசைன் படங்கள். ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துவதற்கு முன் டிசைனைக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு மயிலையோ மாங்காயையோ சரியாகக் கொண்டுவரப் பல நாள் பிடிக்கும். ஃபார்மட் அடிக்கிறவருக்கு அதெல்லாம் வெறும் 'டி டிரைவ்'. "ஏதாவது முக்கியமா இருக்கா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டாலும், ஒன்றுமில்லை என்று பையன் தலையாட்டிவிட்டு வந்துவிடுவான். அப்பாவின் ஃபோல்டர் அவனுக்கு எப்படி ஞாபகம் வரும்?

இத்தனைக்கும் அந்தத் தறியில் ஓர் இழை அறுந்தால் யாரும் பாவையே வெட்டி எறிவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கிறார்கள். தேடுவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

சரி, ஆட்வேர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? அது வைரஸ் மாதிரி ஒளிந்து நுழைவது அல்ல. கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று பொடி எழுத்தில் கேட்டு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று நீங்களே திறந்துவிட்ட பிறகு வருவது. இலவச வீடியோ பிளேயர், பிடிஎஃப் மாற்றி, பாட்டு இறக்கும் மென்பொருள் இவற்றின் முதுகில் ஏறி வரும். ஒவ்வொரு கணினியில் ஏற்றியதற்கும் இத்தனை காசு என்று தரகு கிடைக்கிறது. மென்பொருள் எழுதியவனுக்கு ஒரு பங்கு, இறக்கித் தரும் தளத்துக்கு ஒரு பங்கு, நடுவில் இருப்பவனுக்கு ஒரு பங்கு. அதாவது இது ஒரு வியாபாரம். வியாபாரி கடையை அவ்வளவு லேசில் காலி செய்வானா?

எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு 2017 ஜூனில் வெளியான ஒரு சங்கதி போதும். இஸ்ரேலைச் சேர்ந்த செக் பாயின்ட் நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற ஆட்வேரைப் பற்றி அறிக்கை விட்டது. உலகம் முழுக்க 25 கோடிக் கணினிகள், அதில் இந்தியாவில் மட்டும் 2 கோடியே 53 லட்சம் என்றது. அந்தப் பட்டியலில் முதல் இடம் நமக்குத்தான். (எதில் எல்லாம் முதலிடம் கிடைக்கிறது பாருங்கள்!) இந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் அதே மாதம் மறுத்தது. பாதியைத் தள்ளிவிட்டாலும் இந்தியாவில் கோடிக்கு மேல் வருகிறது. பின்னால் இருந்தது ஏதோ இருட்டறைத் திருடன் அல்ல, பெய்ஜிங்கில் அலுவலகம் போட்டு உட்கார்ந்திருந்த ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனம். உலவியின் முகப்பையும் தேடுபொறியையும் மாற்றிவிட்டு, வேண்டும்போது வேறு எந்த நிரலையும் இறக்கி ஓட்டும் வசதியையும் அது வைத்திருந்தது. பிறகு சீனப் போலீஸ் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த சிலரைக் கைது செய்தது தனிக்கதை.

இது புதுசும் அல்ல. அமெரிக்காவில் ஸாங்கோ என்ற நிறுவனத்தின் மென்பொருள் 7 கோடி முறைக்கு மேல் கணினிகளில் ஏற்றப்பட்டு, 690 கோடிக்கு மேல் பாப்-அப் விளம்பரங்களைக் காட்டியதாக அந்நாட்டு வணிக ஆணையம் 2006-இல் சொன்னது. 30 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ஒரு விளம்பரத்துக்கு எவ்வளவு தண்டம் என்று வகுத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

"வெறும் விளம்பரம்தானே, மூடிவிட்டுப் போகலாம்" என்பவர்கள் 2015-இல் லெனோவோ மாட்டிக்கொண்ட சூப்பர்ஃபிஷ் விவகாரத்தைப் படிக்க வேண்டும். புது லேப்டாப்பிலேயே ஆட்வேரைப் போட்டு விற்றார்கள். அது விளம்பரம் செருகுவதற்காகத் தானே ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் கணினியில் பதித்துக்கொண்டு, பூட்டுப் படம் போட்ட இணைப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்தது. நெட் பேங்கிங் உட்பட! கூலிப் பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் வீட்டில் இது விளையாட்டு இல்லை.

இப்போது ஃபார்மட் கதைக்கு வரலாம். ஃபார்மட் அடித்து, விண்டோஸ் ஏற்றி, குரோமைத் திறந்து பழைய கூகுள் கணக்கில் நுழைந்தவுடன் என்ன நடக்கிறது? சின்க் வசதி உங்கள் புக்மார்க்குகளோடு பழைய எக்ஸ்டென்ஷன்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அதில் அந்தத் திருட்டு எக்ஸ்டென்ஷனும் இருந்தால் அதுவும் சாவகாசமாகத் திரும்பி வந்துவிடும். போதாக்குறைக்கு, காசு கொடுக்காத விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்ய ஏதோ ஒரு திருட்டு நிரலை பென் டிரைவிலிருந்து ஓட்டுவார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்கிற நிரல் எதைக் கொண்டுவரும் என்று தனியாக விளக்க வேண்டுமா? டிசைன் போனது, காசு போனது, ஆட்வேர் மட்டும் பத்திரமாக வீடு திரும்பியது.

ஆட்வேர் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. நான்கைந்து இடத்தில் ஆள் வைத்திருக்கும். ஓர் இடத்தில் நீக்கினால் இன்னொரு இடத்தில் இருப்பது மறுபடி கூட்டி வரும். அதனால் எல்லா இடத்தையும் ஒரே அமர்வில் பார்க்க வேண்டும். முதலில் டிசைன், கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள் (படங்களையும் கோப்புகளையும் மட்டும், செட்டப் ஃபைல்களை வேண்டாம்). பிறகு கன்ட்ரோல் பேனலில் மென்பொருள் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால், தொல்லை தொடங்கிய நாளில் வந்த புது விருந்தாளிகள் வரிசையாகத் தெரிவார்கள். அவர்களை நீக்குங்கள். அடுத்து உலவியின் எக்ஸ்டென்ஷன்கள். அங்கே நீக்கும் பொத்தானே வேலை செய்யாமல், 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று குரோம் சொன்னால் உஷார். சில ஆன்டிவைரஸ்களும் இந்த வரியை வரவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் யாரும் எதையும் நிர்வகிக்காத தறி வீட்டில், பெரும்பாலும் அது ரெஜிஸ்ட்ரியில் ஆட்வேர் எழுதி வைத்த 'பாலிசி'. பெரிய கம்பெனிகளுக்காக வைத்த வசதியைத் தன் பூட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாலிசியை நீக்கினால்தான் எக்ஸ்டென்ஷன் நகரும்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் உலவி ஐகானையும் வலச்சொடுக்கிப் பாருங்கள். ப்ராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' வரியின் வாலில் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், முகப்புப் பக்கத்தை எத்தனை முறை மாற்றினாலும் பழையதே வருவதற்கு அதுதான் காரணம். டாஸ்க் ஷெட்யூலரில் அர்த்தமில்லாத பெயரில், கணினி திறக்கும்போதெல்லாம் ஓடுகிற வேலை ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மறுபடி மறுபடி இறக்கிக்கொள்ளும் ஆசாமி அங்கேதான் இருப்பான்.

இத்தனையும் கையால் செய்ய முடியாதவர்களுக்கு ஆட்வ்கிளீனர் இருக்கிறது. சின்ன நிரல், இலவசம், நிறுவவே வேண்டாம். 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. அதனால் அவர்கள் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் பெயரைப் போட்டு முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்கினால், ஆட்வேரை நீக்க ஆட்வேரையே இறக்கிய பெருமை கிடைக்கும்! சின்க்கில் இருக்கும் பழைய தரவையும் கூகுள் கணக்கில் போய் அழித்துவிட வேண்டும். புக்மார்க்கைத் தனியாகச் சேமித்துவிட்டு அழிப்பது நல்லது.

இன்னொன்று. இன்றைக்குத் திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று எட்டிப் பார்ப்பவற்றில் பல, மென்பொருளே அல்ல. ஏதோ ஒரு படம் பார்க்கும் தளம் 'அனுமதி' கேட்டபோது சொடுக்கியதன் விளைவு. உலவியின் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. இதற்காக ஃபார்மட் அடித்து டிசைனை இழந்த வீடு ஏதாவது இருந்தால் அதைவிடக் கொடுமை இருக்க முடியாது.

"படிக்காமல் நெக்ஸ்ட் கொடுத்தது யார் தப்பு?" என்று சிலர் கேட்கலாம். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ஏற்கெனவே டிக் போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதம் என்று சொல்வது அநியாயம். உரியவர் அனுமதியில்லாமல் கணினியில் கேடான நிரலை நுழைத்தால் நஷ்ட ஈடு என்கிறது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு. ஆட்வேர்க்காரன் அந்த 'அனுமதி' என்ற வார்த்தையின் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறான். பட்டில் கலப்படம் என்றால் வாங்குபவரைத் திட்டுவதில்லையே. சுத்தப் பட்டுதானா என்று அவர் தெரிந்துகொள்ள 2004-இல் சில்க் மார்க் கொண்டுவந்தார்கள். மென்பொருளுக்கும் டிஜிட்டல் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த ஃபயர்பாலே முறையான சான்றிதழோடுதான் உலா வந்தது.

ஃபார்மட்டே கூடாது என்பதில்லை. ஆன்டிவைரஸே திறக்கவில்லை, கடவுச்சொல் திருட்டுப் போனது என்றால் அடித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் திருட்டு நிரல் தேவையில்லை. விண்டோஸ் 8-க்குப் பிறகு விண்டோஸோடு விற்ற லேப்டாப்புகளில் அதன் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிறுவல் கோப்பிலிருந்து அதே பதிப்பைப் போட்டால், இணையத்தில் இணைந்தவுடன் அது தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடைக்காரர் பென் டிரைவை எடுக்கும் முன் பையன் கேட்க வேண்டியது, "அண்ணே, இதுல ஒரிஜினல் கீ இருக்குமே, பார்த்தீங்களா?" என்பதைத்தான். அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு கேள்வி, அந்த டிசைன் ஃபோல்டர் எங்கே என்று.