பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில்

யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவமான ராஜ்தூத் 350-ஐ 1983-இலும், ஆர்எக்ஸ் 100-ஐ 1985-இலும் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. உற்பத்தி நின்று பல்லாண்டுகள் கடந்தும் இவற்றைப் புதுப்பிப்போர் குறையவில்லை, குறைந்துவருவன உதிரிபாகங்களே. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். அதுவும் சில முறைதான். அதன்பின், பிரிக்கப்பட்ட வேறொரு வண்டியின் பாகத்தைத் தேடிக் கரோல் பாக் போன்ற சந்தைகளில் அலைய வேண்டியதுதான்.

2021-ஆம் ஆண்டின் மத்திய விதி, பதிவாகி 50 ஆண்டு கடந்தும் மூல வடிவம் மாறாத வண்டிகளையே பழம்பெரும் வாகனங்களாக ஏற்கிறது. தில்லித் தலைநகர் வட்டாரத்திலோ, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2018-இல் ஆணையிட்டது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் பெரும்பாலானவை பழைய இரும்பாகிவிடும். பிறகு ஐம்பதை எட்ட எவை எஞ்சும்?

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலுடன் எண்ணெயையும் எரிப்பது. அதன் புகை குறித்த கவலை நியாயமானதே. ஆனால் பழம்பெரும் வாகனங்களின் அன்றாடப் பயன்பாட்டை அவ்விதியே தடுக்கிறது. கண்காட்சி, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டும் என்னும் அதே கட்டுப்பாட்டுடன் வயது வரம்பை 30 ஆக்கினால், காற்றுக்கு நேரும் கேடு சிறிதே; ஒரு தலைமுறையின் பொறியியல் சான்றுகளோ அழியாமல் எஞ்சும்.