காவிரியைக் கடந்தால் மட்டும் இழிவா?

திருச்சி விமான நிலைய வாசலில் ஓர் இரவு நின்று பார்த்தால் நம் சமுதாயத்தின் மனநிலை விளங்கிவிடும். பாலக்கரையிலிருந்தும் உறையூரிலிருந்தும் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் புறப்படுகிறார்கள். அவர்களுள் சிலர் போவது பூங்காப் பராமரிப்பு வேலைக்கு. அங்கே புல் வெட்டுவார்கள், சாலையோர மரங்களைக் கவாத்து செய்வார்கள். அதற்காக ஏஜென்டுக்குக் கட்டிய பணம் அம்மாவின் நகையை அடகு வைத்துப் பெற்றது. (அந்த அடகில் வட்டி இருந்ததா என்ற கேள்வியை அவரவர் மனசாட்சிக்கே விடுகிறோம்.)

அதே பிள்ளை, "ஸ்ரீரங்கத்தில் ஒரு நர்சரியில் சேர்ந்து தோட்டவேலை பழகப் போகிறேன், அத்தா" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "தோட்டக்காரன் ஆகவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று வீடே எழுந்து நின்றிருக்கும். கடலைக் கடந்து செய்தால் உத்தியோகம், காவிரியைக் கடந்து செய்தால் அவமானம். இந்தக் கணக்கு நமக்குப் புரியவில்லை. மார்க்கத்திலும் இதற்கு இடமில்லை.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அடிமைத்தளையிலிருந்து அவர்கள் விடுபடுவதற்கு விதிக்கப்பட்ட விலையில் முந்நூறு பேரீச்சங்கன்றுகளை நட்டுக் கொடுப்பதும் அடங்கும். தோழர்கள் கன்றுகளைத் திரட்டிக் கொடுத்தார்கள், குழிகள் தோண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே நட்டார்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்றும் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஜும்ஆ மேடையில் இதைக் கேட்டுத் தலையசைக்கிறோம். பெண் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குச் செடி வளர்ப்பதுதான் தொழில் என்றால் தேநீரைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்துவிடுகிறோம். அந்தலூஸில் தொலேதோவின் இப்னு பஸ்ஸாலும் செவில்லேயின் இப்னுல் அவ்வாமும் வேளாண்மையைப் பற்றிப் பெருநூல்கள் இயற்றினார்கள். அவர்களைப் பெருமையோடு மேற்கோள் காட்டும் நாம், ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒரு பிள்ளையை நம் தெருவில் தேடினால் கிடைப்பதில்லை.

இது படிக்காதவன் செய்யும் வேலை என்று எண்ணுவோர் ஒருமுறை தோட்டத்துக்குள் இறங்கிப் பார்க்கட்டும். மல்லிகையை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் வெட்டிவிட வேண்டும். காலம் தவறினால் பூ தவறும். வாழையில் ஈட்டிபோல் குறுகிய இலையுடைய கன்றைத்தான் நடவேண்டும். அகன்ற இலையுடைய நீர்க்கன்று பார்வைக்குச் செழிப்பாகத் தோன்றினாலும் ஏமாற்றிவிடும். ரோஜாவில் மொட்டு ஒட்டுவதற்குக் கத்தி பட்டையை மட்டும் கீறவேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. இவற்றைப் புத்தகத்தில் வாசிக்கலாம். கைக்கு வருவது தேர்ந்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து நூறு ஒட்டுகளைக் கெடுத்த பிறகுதான். தொழில் பழகுநர் பயிற்சி என்பது அதுவே.

நம் ஊரைப் போல் இதற்கு வாய்ப்பான ஊர் எத்தனை உண்டு? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் தீவிலேயே வாழைத்தோட்டமும் பூச்சந்தையும் இருக்கின்றன. மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 25 ஏக்கரில் இருக்கிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இங்கேதான் இயங்குகிறது. நாவலூர் குட்டப்பட்டில் மகளிருக்கென்றே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆகவே பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடமில்லை என்ற சாக்கும் எடுபடாது.

மறுதரப்பு சொல்வதில் ஒன்றை மட்டும் நாம் ஏற்கிறோம். பயிற்சி என்ற பெயரில் சுரண்டல் நடக்கிறது. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓரிடத்தில் சேர்ந்தான். எட்டு மாதம் அவன் கையில் தண்ணீர்க் குழாயைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படவில்லை. கூலியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தில் இதற்கு "பழகும் பையன்தானே" என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு!

ஆனால் சுரண்டலுக்கு மருந்து தொழிலை வெறுப்பதன்று, சட்டத்தை அறிவதே. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். பிள்ளை பதினெட்டு வயதுக்குக் குறைந்தவனாயின் பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 7,000 ரூபாய் என நிர்ணயித்தன. நான்கு பணியாளர் உள்ள சிறு நிறுவனமும் விரும்பினால் பழகுநரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே பெற்றோர் நர்சரி உரிமையாளரிடம் முதலில் கேட்கவேண்டியது, "ஒப்பந்தம் எங்கே? எந்த மாதத்தில் என்ன கற்றுத் தருவீர்கள்?" என்பதே. கேட்கக் கூச்சப்படுவோர் ஜமாஅத் நிர்வாகியை உடன் அழைத்துச் செல்லட்டும். நிக்காஹ்வுக்கு வந்து கையொப்பமிடுகிறவர் இதற்கு வரக்கூடாதா?

ஜமாஅத்துகளிடமும் ஒரு வார்த்தை. நம் மையவாடிகளில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பள்ளிவாசல் முற்றங்களில் சிமெண்டுத் தளம் வெயிலில் கொதிக்கிறது. வக்ஃபு நிலம் இருந்தும் நிழல் தரும் மரம் இல்லை. ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்த தோட்டக்காரர் ஒருவரிடம் ஒப்பந்தத்தோடு ஒப்படைத்து, கத்தரிக்கோலும் ஒட்டுக்கத்தியும் ஸதகா நிதியிலிருந்து வாங்கிக் கொடுத்து, பயிற்சிக்குப் பின் அந்த மையவாடியைக் கூலிக்கு அவர்கள் பொறுப்பில் விட்டால் என்ன? ஒரு மீலாது மேடை அலங்காரத்தின் செலவுகூட ஆகாது.

மேலே சொன்ன மாணவன் அந்த இடத்தை விட்டு வெளியேறிவிட்டான். இப்போது வேறொரு தோட்டத்தில், இம்முறை ஒப்பந்தத்தோடு, பயில்கிறான். ஃபஜ்ரு முடிந்ததும் முதல் பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடக்கிறான். சென்ற மாதம் அவன் கட்டிய ரோஜா ஒட்டுகளில் பாதிக்கு மேல் துளிர்த்திருக்கின்றன. மகன் என்ன செய்கிறான் என்று உறவினர் விசாரித்தால் அவனுடைய அத்தா இன்றும், "ஸ்ரீரங்கத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்" என்றுதான் சொல்கிறார்.