கரையிலும் கடலடியிலும்

கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். "பெண்ணை இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள்", "மாமா, கொஞ்சம் சிரியுங்கள்" என்று அத்தனை பேரையும் ஆட்டி வைப்பார். நாமும் ஆடுவோம். ஆனால் எதிரே இருப்பது ஒரு கடல் இகுவானாவாக இருந்தால் யார் பேச்சை யார் கேட்பது?

அது என்ன பிராணி என்கிறீர்களா? நம் வேலி ஓணானுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார் தேசத்துக்கு மேற்கே, சுமார் 1,000 கிலோ மீட்டர் தள்ளி, பசிபிக் சமுத்திரத்தில் காலாபகோஸ் தீவுகள் இருக்கின்றன. உலகத்திலேயே அங்கே மட்டும்தான் இது உண்டு. கறுத்த எரிமலைப் பாறைகளில் கூட்டம் கூட்டமாகக் கிடந்து வெயில் காயும். உடம்பு சூடேறியதும், பெரிய ஆண்கள் கடலில் பாய்ந்து அடியில் முளைத்த பாசியை மேய்ந்துவிட்டுக் கரையேறும். உடம்பில் சேர்ந்த உப்பைத் தும்மியே வெளியேற்றும்! தலையில் வெள்ளைப் பொடி அப்பியது போல இருப்பது அந்த உப்புத்தான்.

கரையிலும் கடலிலும் குடித்தனம் நடத்தும் இதைப் படமெடுக்க, உலகின் பல மூலைகளிலிருந்தும் முங்குநீச்சல்காரர்கள் வருகிறார்கள். கரையில் வேலை சுலபம். ஜலத்துக்குள்தான் கஷ்டம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டர் ஆழத்தில் உங்கள் நெற்றிக் குங்குமம்கூடக் கறுப்பாகத்தான் தெரியும்! ஆகவே எதையும் கிட்டப் போய்த்தான் எடுக்க வேண்டும். துரத்தினால் மீன் நிற்குமா? வடக்கே டார்வின், உல்ஃப் என்ற தீவுகளின் அருகே சுத்தியல் தலைச் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து போகும். நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாதபடி பாறையைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் காத்திருப்பவருக்குத்தான் அந்தத் தரிசனம்.

ஒரே படத்தில் பாதி வானமும் பாதி கடலுமாக எடுப்பதும் உண்டு. காமிராவின் முன்னே அரைக்கோளமாக ஒரு கண்ணாடி. அதில் பாதி ஜலத்துக்கு மேலே, பாதி கீழே.  அலை ஓயும் ஒரு விநாடிக்காக அரைமணி நேரம் மிதப்பார்களாம். பொறுமையில் நம் பாட்டிமார்களையும் தோற்கடித்துவிடுவார்கள்!

இந்தக் கலையில் பெயரெடுத்த ஒரு பெண்மணியைச் சொல்லாமல் விடலாமா? லோட்டே ஹாஸ், 1928-ல் வியன்னாவில் பிறந்தவர். கடலாராய்ச்சியாளர் ஹான்ஸ் ஹாஸிடம் காரியதரிசியாகச் சேர்ந்தார். கடல் பிரயாணத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்பது எஜமானரின் கட்சி. லோட்டே தர்க்கம் செய்யவில்லை. முங்கவும் படமெடுக்கவும் பழகிக்கொண்டார். 1950-ல் செங்கடலுக்குள் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த வருஷமே காரியதரிசி மனைவியுமானார்! தம்பதிகள் 1953-54-ல் 'ஸாரிஃபா' என்ற பாய்மரக் கப்பலில் காலாபகோஸுக்கும் போய் வந்தார்கள்.

அந்தத் தீவுகளில் முக்கியமான விசேஷம், பிராணிகளுக்கு மனிதனிடம் பயம் கிடையாது. 1835-ல் அங்கே போன சார்லஸ் டார்வின், ஓர் இகுவானாவைப் பிடித்துத் தண்ணீரில் திரும்பத் திரும்ப எறிந்து பார்த்தார். எறிந்த ஒவ்வொரு தடவையும் அது நேரே அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்ததாம்! படிக்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்த வெகுளித்தனம்தான் அங்குள்ள ஜீவன்களுக்கு எமனாயிற்று. திமிங்கில வேட்டைக் கப்பல்கள், ஓடத் தெரியாத பேராமைகளை மூட்டை போல அடுக்கி, உயிருள்ள உணவாக ஏற்றிச் சென்றன. சில தீவுகளில் ஆமை இனமே அற்றுப் போயிற்று.

'ஸாரிஃபா'வில் போனவர்களில் ஐபில்-ஐபெஸ்ஃபெல்ட் என்ற விஞ்ஞானியும் ஒருவர். அங்கே நடந்த அழிவைக் கண்டு மனம் பொறுக்காமல், காப்பாற்றுங்கள் என்று குரல் கொடுத்தார். 1957-ல் யுனெஸ்கோ அவரை மறுபடி அனுப்பியது. 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட்டும் கூடச் சென்றார். 1959-ல் ஈக்வடார் அரசாங்கம் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1998-ல் சுற்றியுள்ள கடலும் காப்பகமாயிற்று.

இன்று அங்கே போகிறவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிராணியிடமிருந்தும் இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும். தொடக் கூடாது, தீனி போடக் கூடாது. படமெடுக்கும்போது பளிச்சென்று விளக்குப் போடவும் கூடாது. அதுவாகவே உங்கள் பக்கம் வந்தால், நீங்கள்தான் மெல்லப் பின்வாங்க வேண்டும்! பயம் தெரியாத பிராணிக்கு நாம் பயத்தைக் கற்றுக்கொடுத்து விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஒரு முறை கற்றுக்கொண்டால் அப்புறம் எந்தக் காமிராவாலும் அந்தப் பழைய பார்வையைப் பிடிக்க முடியாதே!

காலாபகோஸுக்கு நாம் எல்லோரும் போய்விடப் போவதில்லை. ஆனால் கொல்லைப்புறத்துச் செடியில் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டினால், செல்போனும் கையுமாகக் குழந்தைகள் ஓடுவார்கள். "கிளையை வளைக்காதே, எட்ட நின்று எடு" என்று சொல்லுங்கள். படம் சற்றுச் சிறிதாக விழுந்தால்தான் என்ன? தாய்ப் பறவை கூட்டை விட்டுப் பறக்காமல் இருக்கும்.