படித்தவர்களின் மூடநம்பிக்கை

கொங்கு நாட்டுக் குடியானவர் ஒருவருக்கு மூளைச்சாவு நேர்ந்து, உறுப்புகளைத் தானமாகக் கொடுக்க அவர் குடும்பத்தார் சம்மதியாமற் போனால், கோவை அவிநாசி சாலையின் குளிரூட்டிய அறைகளில் அமர்ந்திருக்கும் படித்த வர்க்கத்தார் அக்கணமே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள்: ‘கண்ணை எடுத்தால் மறுஜன்மத்தில் குருடாகப் பிறப்பான் என்று பயப்படுகிற ஜனங்கள், வேறென்ன செய்வார்கள்?’ மேடையிலும் பத்திரிகையிலும், மருத்துவர் சிலரின் வாயிலும்கூட வேதவாக்காகப் புழங்கும் இந்த அபிப்பிராயத்தைச் சற்று உரசிப் பார்த்தால் அதன் சாயம் வெளுத்துவிடுகிறது.

2008 செப்டம்பரில் தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்துத் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்த திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர் மருத்துவர்கள். ஆகையால் அவர்களுக்கு விளங்கிற்று என்று சொல்லித் தப்பலாம். ஆனால் 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சம்மதித்த 268 குடும்பங்களும் மருத்துவர் குடும்பங்களா? கட்டட வேலைக்காரரும் ஓட்டுநரும் கூலிக்காரரும் அவற்றுள் இருந்தனரே! மறுஜன்ம பயம் அத்தனை வலியதாயின், இந்த மாநிலம் உறுப்பு தானத்தில் நாட்டுக்கே முன்னணியில் நிற்பது எவ்வாறு?

மறுப்பின் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. விபத்தில் அடிபட்டு வந்த மகனின் கையைத் தொட்டுப் பார்த்த தாய், “ஒடம்பு சூடா இருக்குதுங்களே, நெஞ்சு ஏறி எறங்குதுங்களே” என்று கேட்கிறாள். வெண்டிலேட்டரின் தயவால் மூச்சும், அதனால் இதயத் துடிப்பும் சில காலம் தொடருமென்பதைப் பொறுமையாக எடுத்துரைக்க வேண்டிய இடத்தில், ‘மெஷினை எடுத்துட்டாப் போயிருவாருங்க’ என்று ஒருவர் சொல்லிவிட்டு நகர்கிறார். இன்னும் போகவில்லை என்றுதானே அந்த வாக்கியத்துக்குப் பொருள்? அவள் ‘வேண்டாம்’ என்பது மூடத்தனமாகாது. கண்ணால் கண்டதை நம்பும் விவேகமே அது.

இன்னொன்று, எல்லோரும் முணுமுணுத்து எவரும் உரக்கச் சொல்லாதது. கடன் தொல்லையால் சிறுநீரகத்தை விற்ற பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரின் கதை, ஈரோடும் நாமக்கல்லும் வெகுகாலமாக அறிந்தது. 2025இல் அது மறுபடியும் தலைப்புச் செய்தியாயிற்று. அந்த ஊர்ப்புறத்து மனிதர், ‘எங்க பையனோடதை யாருக்கு, எவ்வளவுக்குக் கொடுக்கப் போறீங்க?’ என்று கேட்டால், அக்கேள்வியை அவமதிப்பாகக் கொள்பவர் முதலில் உறுப்புக்குக் காத்திருப்போருக்கான அரசின் முன்னுரிமைப் பட்டியல் எவ்வாறு நடக்கிறது என்பதை விளக்கட்டும்.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூளைச்சாவைச் சான்றளிக்கும் மருத்துவர் நால்வரும் உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்தவராயிருத்தல் கூடாது. பரிசோதனையைக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை செய்தல் வேண்டும். விஞ்ஞானத்துக்காக ஏற்பட்ட இந்த ஆறு மணி நேரம் துக்கத்துக்கும் உபயோகப்படக் கூடியது. என்ன பரிசோதனை நடக்கிறது என்று சொல்லி, பெருந்துறையிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் மாமன் மச்சானும் பங்காளிகளும் வந்துசேர அவகாசம் தந்து, முதலில் மரணத்தை மரணமென்றே அறிவித்து, அழுது ஓயவிட்டு, அதன்பின் தனியறையில் உட்காரவைத்துக் கேட்பதே முறை. சாவுச் செய்தியையும் கையொப்பத் தாளையும் ஒரே மூச்சில் நீட்டுகிற அவசரக்காரர், மறுப்புக்குத் தாமே விதை போடுகிறார். அந்த நேரத்தில், தம் உடலையே கொடுக்கத் துணிந்த கண்ணப்பரையும் ததீசியையும், உடுமலைப் பக்கத்து முதிரமலைக் குமணனையும் இழுத்துப் பிரசங்கம் செய்வதோ, என் அபிப்பிராயத்தில், அநாகரிகம். தியாகம் செய்யாதவர் குறைந்தவர் என்று பிள்ளையை இழந்தவர்க்கு உணர்த்துவது வேறென்ன?

அவர்கள் கேட்க விரும்புவன எளியவை. முகம் கெடுமா? காயத்தைத் தைத்து ஒழுங்காகத் தருவீர்களா? விபத்து வழக்காகையால் போலீசும் பிரேதப் பரிசோதனையும் எப்படியும் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு நேரமாகும்? இருட்டுமுன் கோடித் துணி போட்டு எடுக்க முடியுமா? இவற்றுக்கு நேரான விடை சொல்லத் தெரியாத உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் எத்தனை சாஸ்திரம் படித்திருந்தும் பயனில்லை.

தானம் செய்தவருக்கு அரசு மரியாதை என 2023 செப்டம்பரில் அறிவித்தது நல்ல காரியம். எனினும் மறுத்த குடும்பத்துக்கும் சிறிது மரியாதை பாக்கியிருக்கிறது: அதே ஒருங்கிணைப்பாளர், முகம் சுளிக்காமல், அவர்களுடைய காகிதங்களையும் முடித்துக் கொடுத்து, ஆம்புலன்ஸ் வரையில் கூடவே போகவேண்டும்.