கற்க முடியாத பிள்ளைகளா, கற்பிக்கத் தவறிய நாமா?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களும் வாழ்த்துச் செய்திகளும் பத்திரிகைகளை நிறைப்பது வழமையாகும். எமது பத்திரிகையும் இதற்கு விதிவிலக்கல்ல. ஆனால், அதே வகுப்பறையின் பின்வரிசையில், கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதி முடிக்க இயலாமல் திணறிய பிள்ளையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ‘மக்கு’, ‘சோம்பேறி’, ‘குழப்படிகாரன்’ என்ற பட்டங்களே அப்பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசுகளாக உள்ளன.

இவ்வாறு ஒதுக்கப்படுவோரில் பலர் ஓட்டிசம், கவனக்குறைபாடும் மிகையியக்கமும், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு போன்ற நரம்பியல் வளர்ச்சி வேறுபாடுகளைக் கொண்டவர்களாவர். இவை பெற்றோரின் வளர்ப்புக் குற்றத்தால் வருவனவுமல்ல, முற்பிறவி வினையுமல்ல. இத்தகைய பிள்ளைகள் எங்கோ ஓரிருவர் மட்டுமே என்று எண்ணுவதும் தவறாகும். எமது நாட்டின் அரை நகர்ப்புறப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்படுவதாகத் தெரிவித்தது.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே வருகின்றது. ஒலிக்கும்போதோ மெய்யொலியே முந்துகின்றது. ஏனைய பிள்ளைகள் இலகுவாகக் கடந்துவிடும் இத்தகைய இடங்களில் வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளை மீண்டும் மீண்டும் தடுமாறக்கூடும். நூறு தடவை எழுதச் சொல்வதோ பிரம்பெடுப்பதோ இதற்குப் பரிகாரமாகாது. தனது குற்றமல்லாத ஒன்றுக்காகப் பாடசாலையில் ஆசிரியரிடமும் வீட்டில் பெற்றோரிடமும் தண்டனை பெறும் பிள்ளை, காலையில் சீருடையைக் கண்டதுமே வயிற்றுவலி என்று அழத் தொடங்குகின்றது. அதன் மனம் உடைந்துபோவதை நாம் கவனிப்பதில்லை.

சட்டங்களுக்கு இங்கு குறைவில்லை. வலது குறைந்தோரைக் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. உட்படுத்தல் கல்வியை வலியுறுத்தும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் அங்கீகரித்தது. உடல் ரீதியான தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் 2005இலும் 2016இலும் வெளியாகின. ஆயினும், சட்டம் வகுப்பறை வாசலைத் தாண்டுவதற்கு ஆளணி வேண்டும். தமிழ் மொழியில் பேச்சுச் சிகிச்சையளிக்கக் கூடியோர் மிகச் சிலரே என்பதால், வடக்கு, கிழக்கு, மலையகப் பெற்றோர் பிள்ளையின் குறையை அறிந்துகொள்வதற்கே தூர இடங்களுக்கு அலைய நேர்கின்றது.

நாற்பது பிள்ளைகளுடனும் முடிக்க வேண்டிய பாடத்திட்டத்துடனும் போராடும் ஆசிரியர் மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமல்ல. எனினும், நிபுணர்கள் வரும்வரை காத்திராது செய்யக்கூடியவையும் உண்டு. பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தலாம். அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாகக் கூறலாம். எழுத முடியாததை வாய்மொழியாகக் கேட்கலாம். நேரசூசியில் மாற்றம் வருமாயின் முன்கூட்டியே தெரிவிக்கலாம். பெற்றோர் உடன்பிறந்தாருடன் ஒப்பிடுவதைக் கைவிட்டு, மேலுமொரு ரியூசன் வகுப்புக்குப் பதிலாகப் பிள்ளைக்கு ஓய்வையும் ஒழுங்கான நித்திரையையும் அளிக்கலாம். வீட்டில் பயன் தந்த முறையைப் பாடசாலையும், பாடசாலையில் பயன் தந்த முறையை வீடும் அறிந்துகொள்ள ஒரு குறிப்புப் புத்தகமே போதுமானது.

அதேவேளை, தமிழ் பேசும் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிப்பதும், கல்வியியற் கல்லூரிகளில் பயிலும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இப்பிள்ளைகளை அடையாளங்காணும் பயிற்சியை அளிப்பதும் அரசாங்கத்தினதும் மாகாண சபைகளினதும் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும். சித்தியடைந்தோரின் எண்ணிக்கையை மட்டுமன்றி, பின்வரிசைப் பிள்ளை அச்சமின்றிப் பாடசாலைக்கு வருகின்றதா என்பதையும் கொண்டே ஒரு பாடசாலையின் தரம் மதிப்பிடப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.