மரை கழன்றது டிரம்முக்கா, நமக்கா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

நம் மண்டபத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே பாண்டு குழுவின் பழைய பெரிய டிரம்மை எடைக்குப் போடப் போகிறார்கள். தோல்வார் மாட்டும் கொக்கி பிய்ந்துவிட்டதாம், இரண்டு திருகு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். நவம்பர் 1 விடுதலை நாள் அணிவகுப்புக்குள் புதிது வாங்க வேண்டும் என்று முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வசூல் நடக்கிறது. உங்களில் பலர் பணம் அனுப்பிவிட்டீர்கள். மனசு நல்ல மனசு. முடிவுதான் தவறு.

டிரம்மை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மரக்கூடு முழுசாக இருக்கிறது. சுற்றிலும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். எங்கும் ஒரே சத்தம். ஒட்டு விட்டிருந்தால் அந்த இடம் மட்டும் மந்தமாகக் கேட்கும். இரண்டு பக்க வளையமும் நேராக இருக்கின்றன. கெட்டிருப்பது நாலைந்து இரும்புச் சாமான். சட்டைப் பொத்தான் அறுந்ததற்குச் சட்டையையே எரிப்பவர் உண்டா?

"சார், சரிசெய்து பார்த்தாச்சு, நிற்கவில்லை" என்கிறார்கள். எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் பார்த்தேன்.

முதலில் கொக்கி. ஏழெட்டுக் கிலோ டிரம்மை ஒரு பையன் மார்பில் மாட்டிக்கொண்டு நடக்கிறான். அவன் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் டிரம் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். அந்த இழுப்பு முழுவதையும் மெல்லிய மரத்தில் இறங்கிய இரண்டு சின்னத் திருகு தாங்குகிறது. துளை பெரிதாகத்தானே செய்யும்? அவர்கள் செய்தது என்ன? பக்கத்திலேயே புதுத் துளை போட்டுக் கொக்கியை நகர்த்தினார்கள். அதுவும் பிய்ந்தது. மூன்றாவதாக ஒன்று. இப்போது அந்த இடம் சல்லடை.

செய்ய வேண்டியது இதுதான். தோலைக் கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும். ஆணி நுனியால் குத்தும்போது மரம் மாவாக உதிர்ந்தால் உளுத்துவிட்டது, அந்த இடத்தில் வேறு மரம் பதிக்க வேண்டும். உதிராவிட்டால் துளை அகன்றிருக்கிறது, அவ்வளவுதான். தேக்குக் குச்சியைப் பசை தடவி இறக்கிப் பழைய துளைகளை அடைக்கலாம். காய்ந்தபின் பழைய இடத்திலேயே துளையிட்டு, உள்பக்கம் கூட்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்த ஓர் எவர்சில்வர் தகடு வைத்து, திருகுக்குப் பதில் போல்ட் நட்டு போட வேண்டும். இரண்டு புள்ளியில் விழுந்த பாரம் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிடும். எட்டாம் வகுப்பில் அழுத்தம் என்றால் விசை வகுத்தல் பரப்பு என்று படித்தீர்களே, அதுவேதான்.

அடுத்தது, சுற்றிக்கொண்டே இருக்கும் திருகு. மரை போனது திருகிலா, அது ஏறும் நட்டிலா? இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். நன்றாக இறுகும் இடத்திலிருந்து ஒரு திருகைக் கழற்றிக் கெட்ட இடத்தில் போட்டுப் பாருங்கள். இறுகினால் பழுது திருகில். இறுகாவிட்டால் நட்டில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது அறிவியல் பாடத்தின் முதல் பாடம்.

நான் ஸ்கேல் வைத்து எண்ணினேன். பழைய திருகில் ஓர் அங்குலத்துக்கு 20 மரை. யாரோ மாற்றிப்போட்ட புதுப் போல்ட்டில் 25. பழையது கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். புதியது 6 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட். கால் அங்குல நட்டில் அது லொடலொடவென்று உள்ளே போகும், நாலு சுற்றுக்கு இறுகுவதுபோல நடிக்கும், பிறகு மரையைச் சீவிவிட்டுக் கையோடு வந்துவிடும். இங்கிலாந்தில் 1841-இல் விட்வொர்த் வகுத்த அங்குல மரை பழைய வாத்தியங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொருத்தமில்லாத போல்ட்டைத் திணித்தது மனிதக் கை. கெட்ட பெயர் டிரம்முக்கு.

"வெல்டிங்கும் வைத்தோம்" என்றார் ஒருவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் திருகுக் கூடுகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. துத்தநாகம் உருக 420 டிகிரி போதும். இரும்பு உருகும் சூட்டை அதன்மேல் காட்டினால் மெழுகு மாதிரி ஒழுகும். பின்னால் இருப்பதோ மரம், அது கருகும்.

"கடலோரம் சார், எல்லாம் துருப்பிடிக்கும்" என்பது இன்னொரு சாக்கு. நம் ஊர்ப் படகுக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அவர்கள் இன்ஜினில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். உப்புத் தண்ணீர் அதை முதலில் அரிக்கும், இன்ஜின் பிழைக்கும். கட்டி கரைந்தால் கட்டியை மாற்றுவார்கள், இன்ஜினைக் கடலில் எறிவதில்லை. டிரம்மிலும் இரும்பும் துத்தநாகமும் ஒட்டி நிற்கின்றன. உப்புக்காற்றின் ஈரம் பட்டால் அரிப்பது துத்தநாகத்தைத்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும். இறுகிப்போன திருகுக்கு ராத்திரி மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் காலையில் திருப்புங்கள். சுத்தியல் எடுக்காதீர்கள்.

"உதிரி பாகம் கிடைக்காது" என்பது கடைசி வாதம். பாண்டு வாத்தியத்துக்கே பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்து மீரட். ஜாலி கோட்டிப் பகுதியில் 1885-இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் முதல் எத்தனையோ பட்டறைகள். கொக்கி, கவ்வி, திருகு என்று தனித்தனியாகவே வாங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் காரைக்காலில் லேத் பட்டறை இல்லையா? மாதிரியைக் கையில் கொடுத்தால் அதே மரையில் கடைந்து தருவார்கள்.

திருநள்ளாற்றில் தவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு காலத்தில் தவிலைத் தோல்வாரால் இழுத்துக் கட்டினார்கள். பிறகு இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்தன. கட்டும் முறை மாறியது என்பதற்காக யாராவது பலாமரக் கட்டையைத் தூக்கி எறிந்தார்களா? வாத்தியத்தின் உயிர் கட்டையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் புதிதுக்கு எதிரியல்ல. கூடு பிளந்திருந்தால், வாய் விளிம்பு கோணியிருந்தால், உளுத்திருந்தால், புதிது வாங்குங்கள் என்று நானே முதல் ஆளாகப் பணம் தருவேன். பார்க்காமலே தீர்ப்பு எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். பத்து வருடம் ஒரு டிரம்மை அடித்த பிள்ளைகள், அதன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கெட்டால் எறி, புதிதாகக் கேள் என்பதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பாடம் டிரம்மோடு நிற்காது.

ஆகவே வசூலை நிறுத்த வேண்டாம், திசையை மாற்றுங்கள். ஒரு சனிக்கிழமை, பாண்டு பிள்ளைகள் நாலு பேர், லேத் வேலை தெரிந்த ஒருவர், ஒரு ஸ்கேல், ஒரு ஸ்பேனர். அவர்கள் கையாலேயே கழற்றிப் பழுது பார்க்கட்டும். மிச்சப் பணத்தில் இரண்டு பக்கமும் புதுத் தோல் போடுங்கள். அப்படியும் மிஞ்சினால் சின்ன டிரம் வாங்குங்கள், இன்னும் இரண்டு பிள்ளைகள் குழுவில் சேரலாம்.

நம் மாணவர்களில் டர்னர், ஃபிட்டர், படகு மெக்கானிக் என்று எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எடைக்காரர் வருவதற்குள் வாருங்கள்.